குரோமோசோம் மறுசீரமைப்பும் சிற்றினத் தோற்றமும்

குரோமோசோம் மறுசீரமைப்பு என்பது குரோமோசோம்கள் உடைந்தோ, ஒன்றோடொன்று இணைந்தோ, ஒரு பகுதி தலைகீழாகத் திரும்பியோ, வேறொரு குரோமோசோமுக்கு இடம்பெயர்ந்தோ மரபணுக்களின் அடுக்குமுறை மாறுவதைக் குறிக்கும். மரபணு எதுவும் புதிதாகச் சேராமலும், இருப்பது எதுவும் இழக்கப்படாமலும் கூட இம்மாற்றம் நிகழலாம். அப்படிப்பட்ட உயிரி பார்வைக்கும் நடத்தைக்கும் தன் கூட்டத்தைப் போலவே இருக்கும். ஆயினும் அடுக்குமுறையில் ஏற்பட்ட மாற்றமே இரண்டு கூட்டங்கள் கலந்து இனம் பெருக்குவதற்குத் தடையாகி, காலப்போக்கில் அவை தனித்தனிச் சிற்றினங்களாகப் பிரிவதற்குத் துணைசெய்யலாம். இத்தடை எவ்வாறு உருவாகிறது என்பதற்கு வீட்டுச் சுண்டெலி நன்கு ஆராயப்பட்ட சான்றாகும்.

அடிப்படைக் கருத்துகள்

நிறப்புரி என்றும் அழைக்கப்படும் குரோமோசோம், மரபணுக்களை வரிசையாகத் தாங்கி நிற்கும் டி.என்.ஏ. இழையும் புரதங்களும் சேர்ந்த அமைப்பாகும். பாலினப் பெருக்கம் செய்யும் பெரும்பாலான விலங்குகளிலும் தாவரங்களிலும் குரோமோசோம்கள் இணை இணையாக உள்ளன. ஒவ்வோர் இணையிலும் ஒன்று தாயிடமிருந்தும் மற்றொன்று தந்தையிடமிருந்தும் வருகிறது. மனிதனில் 23 இணைகள், அதாவது 46 குரோமோசோம்கள் உள்ளன. வீட்டுச் சுண்டெலியில் பொதுவாக 20 இணைகள், அதாவது 40 குரோமோசோம்கள் உள்ளன.

குரோமோசோமின் ஓரிடத்தில் சென்ட்ரோமியர் என்ற பகுதி அமைந்துள்ளது. செல் பிரியும்போது கதிர் இழைகள் இப்பகுதியைப் பற்றியே குரோமோசோமை இழுக்கின்றன. சென்ட்ரோமியரின் இருபுறமும் உள்ள பகுதிகள் கரங்கள் எனப்படும். குரோமோசோமின் நுனிகளைக் காக்கும் பகுதி டீலோமியர் ஆகும்.

தமக்குள் கலந்து, இனப்பெருக்கத் திறனுள்ள வழித்தோன்றல்களைத் தரும் உயிரிகளின் கூட்டமே சிற்றினம் என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. ஆகவே ஒரு சிற்றினம் இரண்டாகப் பிரிய வேண்டுமானால், இரு கூட்டங்களுக்கிடையே மரபணுப் பரிமாற்றம் குறைந்து, இறுதியில் நின்றுபோக வேண்டும்.

மறுசீரமைப்பின் வகைகள்

குரோமோசோம்களைப் பக்க எண் இட்ட நோட்டுப் புத்தகங்களாக எண்ணிக்கொண்டால் இவ்வகைகளை எளிதில் புரிந்துகொள்ளலாம்.

நீக்கம்: சில பக்கங்கள் கிழிந்து போவதைப் போல, குரோமோசோமின் ஒரு பகுதி இழக்கப்படுவது.

இரட்டித்தல்: அதே பக்கங்கள் இருமுறை இடம்பெறுவதைப் போல, ஒரு பகுதி இரண்டு படிகளாவது.

தலைகீழ்த் திருப்பம்: 40 முதல் 60 வரையுள்ள பக்கங்களைப் பிரித்தெடுத்து, 60-இலிருந்து 40 என்ற வரிசையில் திருப்பித் தைப்பதைப் போன்றது.

இடம்பெயர்தல்: ஒரு புத்தகத்தின் பக்கங்கள் மற்றொரு புத்தகத்தில் சேர்வது.

இணைவு: இரண்டு புத்தகங்களை ஒரே அட்டைக்குள் சேர்த்துத் தைப்பது. சென்ட்ரோமியர் பகுதியில் இரு குரோமோசோம்கள் இணைவது, 1916-இல் வெட்டுக்கிளிகளில் இதனை விளக்கிய அமெரிக்க உயிரியலாளர் ராபர்ட்சன் பெயரால் ராபர்ட்சோனியன் இணைவு எனப்படுகிறது. இதற்கு நேர்மாறாக, ஒரு குரோமோசோம் இரண்டாகப் பிளவுபடுவதும் உண்டு.

நீக்கமும் இரட்டித்தலும் மரபணுக்களின் அளவையே மாற்றுபவை. தலைகீழ்த் திருப்பம், இடம்பெயர்தல், இணைவு ஆகியவற்றில் அளவு மாறாமல் வரிசையோ எண்ணிக்கையோ மட்டும் மாறலாம். சிற்றினத் தோற்றத்தில் அதிகம் பேசப்படுபவை இவையே.

குன்றல் பகுப்பில் எழும் சிக்கல்

உடல் செல்கள் பிரியும்போது ஒவ்வொரு குரோமோசோமும் தனித்தனியே படியெடுக்கப்பட்டுப் பிரிகிறது. அங்கே அடுக்குமுறை மாற்றத்தால் பொதுவாக இடர் இல்லை. ஆனால் விந்தணுவும் முட்டையும் உருவாகும் குன்றல் பகுப்பில், தாய்வழிக் குரோமோசோமும் தந்தைவழிக் குரோமோசோமும் ஒன்றுக்கொன்று நேராக இணைசேர்ந்து, பின்னர் எதிரெதிர்த் துருவங்களுக்குச் செல்ல வேண்டும். இவ்விரண்டின் வரிசையும் வேறுபட்டால் இணைசேர்தல் சிக்கலாகிறது.

எடுத்துக்காட்டாக, அ, ஆ என்ற இரு குரோமோசோம்கள் தந்தையிடம் இணைந்து அ-ஆ என ஒன்றாகவும், தாயிடம் தனித்தனியாகவும் உள்ளன எனக் கொள்வோம். குட்டியின் குன்றல் பகுப்பில் அ-ஆ, அ, ஆ ஆகிய மூன்றும் ஒரே தொகுதியாக இணைசேரும். அ-ஆ ஒரு பக்கமும், அ, ஆ இரண்டும் மறுபக்கமும் சென்றால் இனச்செல்கள் நிறைவாக அமையும். மாறாக, அ-ஆ உடன் அ-வும் சேர்ந்து சென்றால் ஓர் இனச்செல்லில் அ இருமுறை இருக்கும். மற்றொன்றில் அ இராது. இவ்வாறு குறையுடன் உருவாகும் கருக்களில் பெரும்பாலானவை பிறப்பதற்கு முன்பே அழிந்துவிடும்.

மனிதரிலும் இது காணப்படுகிறது. ஏறத்தாழ 1000 பேரில் ஒருவர் ராபர்ட்சோனியன் இணைவு ஒன்றைத் தாங்கியுள்ளார். அவர்கள் பொதுவாக முழு உடல்நலத்துடன் இருப்பர். பலர் தம்மிடம் அது இருப்பதை அறியாமலே வாழ்நாளைக் கழிப்பர். சிலருக்கு மட்டும் கருச்சிதைவு மீண்டும் மீண்டும் நேரலாம். இணைந்தவற்றுள் 21-ஆம் குரோமோசோம் இருந்தால், டவுன் நோய்க்குறியுள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது.

ஒரு முரண்

பெரிய மறுசீரமைப்புகள் கலப்பினங்களின் இனப்பெருக்கத் திறனைக் குறைக்கும் என்பதால், அவை சிற்றினங்களைப் பிரிக்கும் வேலி என்று உயிரியலாளர் பலர் கருதினர். ஆஸ்திரேலியாவின் சிறகற்ற வெட்டுக்கிளிகளை ஆராய்ந்த எம். ஜே. டி. ஒயிட் இக்கருத்தை மிக வலுவாக முன்வைத்தார். பெரும்பாலான சிற்றினத் தோற்றங்களில் குரோமோசோம் மாற்றமே முதன்மைப் பங்கு வகித்தது என்று அவர் 1978-இல் வெளியான தமது நூலில் வாதிட்டார்.

இக்கருத்துக்கு ஒரு வலுவான மறுப்பு எழுந்தது. புதிய மறுசீரமைப்பு முதலில் ஒரே ஓர் உயிரியில்தான் தோன்றும். அது பழைய அமைப்புள்ள துணையுடன்தான் சேர வேண்டும். கலப்பினத்துக்கு நேரும் அதே குறை அதற்கும் அதன் குட்டிகளுக்கும் நேரும். தடை வலுவானதாக இருந்தால், இயற்கைத் தேர்வு அந்தப் புதிய அமைப்பைச் சில தலைமுறைகளிலேயே அகற்றிவிடும். தடை வலுவற்றதாக இருந்தால் அமைப்பு நிலைக்கும். ஆனால் சிற்றினங்களைப் பிரிக்கும் ஆற்றல் அதற்கு இராது. வேலியாக நிற்கும் அளவுக்கு வலுவான ஒன்று, கூட்டத்தில் பரவியது எப்படி? 1980-களில் பல உயிரியலாளர்கள் ஒயிட்டின் கொள்கையை ஐயுறுவதற்கு இக்கேள்வி முக்கியக் காரணமாயிற்று.

இம்முரணுக்கு இரண்டு விடைகள் முன்வைக்கப்பட்டுள்ளன. முதலாவதைச் சுண்டெலிகளும், இரண்டாவதைப் பழ ஈக்களும் விளக்குகின்றன.

சுண்டெலிகள் தரும் சான்று

1869-இல் சுவிட்சர்லாந்தின் விலங்கியலாளர் விக்டர் ஃபாசியோ, போஸ்கியாவோ பள்ளத்தாக்கில் கண்ட கருநிறச் சுண்டெலிகளைத் தனிச் சிற்றினமாகப் பெயரிட்டார். புகையிலை ஆலையில் வாழ்ந்ததால் அவை புகையிலை எலிகள் எனப்பட்டன. நூறு ஆண்டுகளுக்குப் பின் ஜெர்மானிய மரபியலாளர் ஆல்ஃபிரட் குரோப்பும் அவருடைய குழுவினரும் அவற்றின் குரோமோசோம்களை எண்ணியபோது, 40-க்குப் பதிலாக 26 மட்டுமே இருந்தன. ஏழு இணைவுகள் ஏற்பட்டு, 14 இணைகள் 7 இணைகளாகச் சுருங்கியிருந்தன. கரங்களின் மொத்த எண்ணிக்கை மாறவில்லை. இவற்றை ஆய்வகச் சுண்டெலிகளுடன் சேர்த்தபோது குட்டிகள் பிறந்தன. ஆனால் அக்குட்டிகளின் இனப்பெருக்கத் திறன் குறைந்திருந்தது. இன்று இவை வீட்டுச் சுண்டெலியின் ஒரு குரோமோசோம் வகையாகவே கருதப்படுகின்றன. இத்தகைய வகைகள் ஐரோப்பாவின் பல பகுதிகளிலும் வட ஆப்பிரிக்காவிலும் பின்னர் கண்டறியப்பட்டன.

இவற்றுள் மதேரா தீவின் சுண்டெலிகள் தனிச்சிறப்புடையவை. அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ள இத்தீவில் போர்ச்சுகீசியர் 15-ஆம் நூற்றாண்டில் குடியேறினர். சுண்டெலிகள் மனிதரின் கப்பல்கள் வழியாகவே அங்கு வந்து சேர்ந்தன. செங்குத்தான மலைகள் தீவைப் பல பள்ளத்தாக்குகளாகப் பிரிப்பதால், ஒரு பள்ளத்தாக்கின் எலிகள் அடுத்ததற்குச் செல்வது அரிது. பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர் ஜானிஸ் பிரிட்டன்-டேவிடியனும் அவருடைய குழுவினரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், இச்சிறு தீவில் ஆறு குரோமோசோம் வகைகள் இருப்பதைக் காட்டினர். அவற்றின் குரோமோசோம் எண்ணிக்கை 22 முதல் 30 வரை வேறுபட்டது. 22 உடைய வகையில் ஒன்பது இணைவுகள் நிலைபெற்றுள்ளன.

வியப்பளிப்பது இதன் வேகம். எலிகள் தீவுக்கு வந்து அதிகமாகப் போனால் சுமார் ஆயிரம் ஆண்டுகளே ஆகியிருக்கும். எலிகள் ஆண்டுக்குப் பல தலைமுறை பெருகுபவை என்றாலும், பரிணாமக் காலக்கணக்கில் இது மிகக் குறுகிய காலம். இவ்வகைகளைப் பிரித்ததில் வெவ்வேறு சூழலுக்கான தகவமைப்பைவிட, மலைகளால் ஏற்பட்ட தனிமையும் மரபியல் நகர்வும் முதன்மைப் பங்கு வகித்தன என்று அந்த ஆய்வு முடிவு செய்தது. கூட்டம் சிறிதாக இருக்கும்போது, சற்றே குறையுள்ள ஓர் அமைப்பும் தற்செயலாகப் பரவி நிலைபெற முடியும். இதுவே மரபியல் நகர்வு ஆகும்.

மற்றொரு காரணியும் உண்டு. பெண் விலங்கின் குன்றல் பகுப்பில் உருவாகும் நான்கு பகுதிகளில் ஒன்று மட்டுமே முட்டையாகிறது, மற்றவை சிதைகின்றன. சென்ட்ரோமியர்களின் வலிமை வேறுபாட்டால், இணைந்த குரோமோசோமோ இணையாதவையோ முட்டைக்குள் அடிக்கடி சென்று சேரலாம். அப்போது அந்த அமைப்பு, தன்னைத் தாங்கும் எலிக்கு நன்மை தராவிட்டாலும் கூட்டத்தில் பரவும்.

சிறு படிகள், பெரிய தடை

ஒற்றை இணைவு சிறு குறையையே தரும் என்றால் பெரிய தடை எங்கிருந்து வருகிறது? அமெரிக்க ஆய்வாளர்களான ராபர்ட் பேக்கரும் ஜான் பிக்கமும் 1986-இல் இதற்கு ஒரு விளக்கம் அளித்தனர்.

அ, ஆ, இ, ஈ என்ற நான்கு குரோமோசோம்கள் தனித்தனியாக உள்ள ஓர் எலிக்கூட்டம் இரண்டு பள்ளத்தாக்குகளில் பிரிந்து வாழ்வதாகக் கொள்வோம். முதல் பள்ளத்தாக்கில் அ-ஆ என்ற இணைவும், பின்னர் இ-ஈ என்ற இணைவும் நிலைபெறுகின்றன. இரண்டாவதில் ஆ-இ என்ற இணைவும், பின்னர் ஈ-அ என்ற இணைவும் நிலைபெறுகின்றன. ஒவ்வொரு படியிலும் பழைய அமைப்புடன் சேரும்போது மூன்று குரோமோசோம்கள் கொண்ட எளிய தொகுதியே உருவாகும், பெருந்தீங்கு இல்லை. ஆகவே இரு கூட்டங்களும் எந்தப் பெரிய பள்ளத்தையும் தாண்ட வேண்டியதில்லை.

ஆனால் பின்னொரு நாளில் இரு கூட்டங்களும் சந்தித்துக் கலந்தால், அக்குட்டியின் குன்றல் பகுப்பில் அ-ஆ, ஆ-இ, இ-ஈ, ஈ-அ ஆகிய நான்கும் கைகோத்த வளையமாக இணைசேரும். வளையத்தில் ஒன்றுவிட்டு ஒன்று எதிர்த் துருவங்களுக்குச் சென்றால்தான் நிறைவான இனச்செல் கிடைக்கும். அ-ஆ உடன் ஆ-இ சேர்ந்து சென்றால் ஆ இருமுறையாகும். ஈ இல்லாமல் போகும். இணைவுகளின் எண்ணிக்கை கூடக் கூட வளையமோ சங்கிலியோ நீண்டு, பிழைகள் பெருகும். நீண்ட தொகுதிகள் உள்ள ஆண் எலிகளில் விந்தணு உருவாக்கமே தடைபடலாம்.

இவ்வாறு, எந்தக் கூட்டமும் தன்னளவில் பெரிய விலை கொடுக்காமலேயே இரண்டுக்கும் இடையில் பெரிய தடை எழுகிறது. மேற்கூறிய முரணுக்கு முதல் விடை இதுவாகும். மதேராவின் எலி வகைகள் இன்னும் தனிச் சிற்றினங்களாக அறிவிக்கப்படவில்லை. அவை அவ்வழியில் செல்லும் இடைநிலையைக் காட்டுகின்றன.

தலைகீழ்த் திருப்பமும் பழ ஈக்களும்

முரணுக்கான இரண்டாவது விடை, மறுசீரமைப்பின் வேறொரு விளைவைச் சுட்டுகிறது. குன்றல் பகுப்பில் இணைசேர்ந்த குரோமோசோம்கள் தம் பகுதிகளைப் பரிமாறிக்கொள்வது குறுக்கே கலத்தல் எனப்படும். ஒரு குரோமோசோமில் தலைகீழ்த் திருப்பம் இருந்து மற்றதில் இல்லையெனில், திரும்பிய பகுதிக்குள் நிகழும் குறுக்கே கலத்தலால் உருவாகும் குரோமோசோம்களில் மரபணுக்கள் குறைந்தோ மிகுந்தோ காணப்படும். அவை பெரும்பாலும் அடுத்த தலைமுறையை எட்டுவதில்லை. விளைவாக, திரும்பிய பகுதியில் உள்ள மரபணுக்கள் பிரியாமல் ஒரே கட்டாக மரபுவழிக் கடத்தப்படுகின்றன.

பழ ஈக்களின் ஆணில் குறுக்கே கலத்தல் நடைபெறுவதில்லை. பெண்ணில், சென்ட்ரோமியரை உள்ளடக்காத திருப்பத்தினால் விளையும் குறையுள்ள குரோமோசோம்கள் முட்டைக்குச் செல்லாமல் ஒதுக்கப்படுகின்றன. எனவே இத்தகைய திருப்பத்தைத் தாங்கும் ஈக்கு இனப்பெருக்க இழப்பு ஏறத்தாழ இல்லை. அமைப்பு எளிதில் பரவும். ஆனால் மரபணுக் கலப்பு அப்பகுதியில் மட்டும் தடைபடும்.

வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வாழும் டிரோசோஃபிலா சூடோஅப்ஸ்கியூரா, டிரோசோஃபிலா பெர்சிமிலிஸ் ஆகிய இரண்டும் இதற்குச் சான்று. தோற்றத்தில் மிகவும் ஒத்திருந்ததால், இவை முதலில் ஒரே சிற்றினத்தின் இரு வகைகளாகக் கருதப்பட்டன. 1930-களில் தியோடோசியஸ் டோப்ஜான்ஸ்கியும் ஆல்ஃபிரட் ஸ்டர்டிவன்டும், உமிழ்நீர்ச் சுரப்பியின் பெரிய குரோமோசோம்களில் உள்ள பட்டைகளைக் கொண்டு இவற்றின் தலைகீழ்த் திருப்பங்களை வரைபடமாக்கினர். 1944-இல் பெர்சிமிலிஸ் தனிச் சிற்றினமாகப் பெயரிடப்பட்டது.

இவ்விரு ஈக்களின் கலப்பில் பிறக்கும் ஆண் ஈக்கள் மலடாகவும், பெண் ஈக்கள் இனப்பெருக்கத் திறனுடனும் இருக்கின்றன. பெண் ஈக்கள் வழியாக மரபணுக்கள் ஓர் இனத்திலிருந்து மற்றதற்குச் செல்ல வழி உண்டு. அப்படியானால் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடாதது ஏன்? முகமது நூர் தலைமையிலான குழு 2001-இல் வெளியிட்ட ஆய்வில், கலப்பின மலட்டுத்தன்மைக்கும் துணை தேர்வில் உள்ள வேறுபாட்டுக்கும் காரணமான மரபணுக்கள் பெரும்பாலும் தலைகீழ்த் திருப்பங்களோடு தொடர்புடைய பகுதிகளிலேயே அமைந்திருப்பது தெரியவந்தது. மற்றப் பகுதிகள் கலந்தாலும், சிற்றினத்தை வேறுபடுத்தும் மரபணுக்கள் திருப்பத்தின் காவலில் சிதறாமல் இருந்தன. அதே ஆண்டில் லோரன் ரீசெபெர்க்கும் இக்கருத்தை விரிவாக முன்வைத்தார். ஒயிட்டுக்குப் பின் ஒதுக்கப்பட்டிருந்த ஆய்வுத்துறை இதனால் மீண்டும் ஊக்கம் பெற்றது.

தாவரங்களில்: பாலைவனச் சூரியகாந்தி

ரீசெபெர்க் ஆராய்ந்தவை வட அமெரிக்காவின் காட்டுச் சூரியகாந்திகள். ஹீலியாந்தஸ் அன்யுவஸ், ஹீலியாந்தஸ் பெட்டியோலாரிஸ் ஆகிய இரண்டிலும் 17 இணைக் குரோமோசோம்களே உள்ளன. எனினும் அவற்றின் அடுக்குமுறையில் பல வேறுபாடுகள் இருப்பதால், முதல் தலைமுறைக் கலப்பினத்தில் வளமான மகரந்தம் மிகக் குறைவு. இருப்பினும் இவ்விரண்டின் கலப்பிலிருந்து ஹீலியாந்தஸ் அனாமலஸ் என்ற மூன்றாவது சிற்றினம் தோன்றியுள்ளது. இது பெற்றோர் இனங்கள் செழிக்க இயலாத பாலைவன மணல்மேடுகளில் வளர்கிறது. பெற்றோரிடம் இருந்த வேறுபாடுகளுடன் புதிய உடைவுகளும் இணைவுகளும் சேர்ந்து, அதன் குரோமோசோம்கள் தனி அடுக்குமுறை பெற்றுள்ளன. அதனால் பெற்றோருடன் மீண்டும் எளிதில் கலக்க முடிவதில்லை. பசுமைக்குடிலில் பெற்றோர் இனங்களைக் கலந்து சில தலைமுறைகள் வளர்த்தபோது, இயற்கையில் உள்ள இனத்தை ஒத்த மரபணுச் சேர்க்கையே மீண்டும் உருவானதை அக்குழு 1996-இல் காட்டியது.

எண்ணிக்கை மட்டும் அளவுகோல் அன்று

குரோமோசோம் எண்ணிக்கை வேறுபட்டாலே கலப்பு இயலாது என்பது பரவலான தவறான எண்ணம். குதிரைக்கு 64, கழுதைக்கு 62. இவற்றின் கலப்பான கோவேறு கழுதைக்கு 63. அது ஏறத்தாழ எப்போதும் மலடாகவே இருக்கும். ஆனால் மங்கோலியாவின் பிரெவால்ஸ்கி காட்டுக் குதிரைக்கு 66 குரோமோசோம்கள். வீட்டுக் குதிரையுடன் கலந்து 65 உடைய குட்டியை ஈனுகிறது. அக்குட்டி இனப்பெருக்கத் திறனுடையது. முதல் இணையில் குரோமோசோம்களின் அடுக்குமுறை பல இடங்களில் வேறுபட்டுள்ளது. இரண்டாவது இணையில் ஒரே ஓர் இணைவு மட்டுமே முக்கிய வேறுபாடு.

ஐரோப்பாவிலும் சைபீரியாவிலும் வாழும் பொது மூஞ்சூறில் இணைவுகளால் வேறுபட்ட 70-க்கும் மேற்பட்ட குரோமோசோம் வகைகள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் பல சந்திக்கும் இடங்களில் கலக்கின்றன; கலப்பினங்கள் பல எதிர்பார்த்ததைவிட வளமாகவே உள்ளன. அதனால் அவை ஒரே சிற்றினமாகவே கொள்ளப்படுகின்றன.

மறுமுனையில் இருப்பது இந்தியக் கேளையாடு. இதன் பெண்ணுக்கு 6, ஆணுக்கு 7 குரோமோசோம்கள் மட்டுமே. பாலூட்டிகளில் அறியப்பட்ட மிகக் குறைந்த எண்ணிக்கை இதுவே. இதன் நெருங்கிய உறவான சீனக் கேளையாட்டுக்கு 46 உள்ளன. தொடர்ச்சியான பல இணைவுகளால் இவ்வேறுபாடு உண்டானது. இவ்வளவு வேறுபட்டும், அடைப்பிடங்களில் இரண்டுக்கும் கலப்புக் குட்டிகள் பிறந்துள்ளன. உடலை உருவாக்கும் செய்தி எத்தனை குரோமோசோம்களாகப் பகுக்கப்பட்டிருந்தாலும் செயல்பட முடியும் என்பதை இது காட்டுகிறது.

மனிதனின் 2-ஆம் குரோமோசோமும் ஓர் இணைவின் விளைவே. சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் ஆகியவற்றுக்கு 48 குரோமோசோம்கள். மனித 2-ஆம் குரோமோசோமின் நடுவே, நுனிகளில் மட்டும் இருக்க வேண்டிய டீலோமியர் வரிசைகள் எதிரெதிராக ஒட்டிக் கிடப்பது 1991-இல் கண்டறியப்பட்டது. எனினும் இந்த இணைவுதான் மனிதனைத் தனி இனமாக்கியது என்று இதிலிருந்து கூற இயலாது. ஓர் இணைவு பெரும்பாலும் சிறு தடையே என்பதைக் குதிரைகளும் மூஞ்சூறுகளும் காட்டுகின்றன.

தற்போதைய மதிப்பீடு

மறுசீரமைப்பு நிகழ்ந்தவுடன் புதிய சிற்றினம் பிறந்துவிடுவதில்லை. புவியியல் தனிமை, மரபியல் நகர்வு, இயற்கைத் தேர்வு ஆகியவற்றோடு சேர்ந்தே அது செயல்படுகிறது. சில உயிரிகளில் அது கலப்பினத்தின் வளத்தைக் குறைத்து வேலியாகிறது; வேறு சிலவற்றில் வேறுபடுத்தும் மரபணுக்களைச் சிதறாமல் கட்டிக் காக்கிறது. பல இனங்களில், பிரிவு ஏற்பட்ட பின்னரே மறுசீரமைப்புகள் சேர்ந்திருக்கவும் கூடும். ஆகவே இரண்டு நெருங்கிய சிற்றினங்களின் குரோமோசோம்கள் வேறுபடுவதைக் கண்டவுடன் அதுவே பிரிவின் காரணம் என்று முடிவு செய்யக் கூடாது. மாற்றம் முதலில் வந்ததா, பிரிவு முதலில் வந்ததா என்பதை ஒவ்வோர் உயிரியிலும் தனியே ஆராய வேண்டும். பிரிவு இன்னும் நிறைவுறாத மதேராவின் சுண்டெலிகள் போன்ற உயிரிகள் இத்துறைக்கு முக்கியமாவது இதனாலேயே. அவற்றில் அந்த வரிசையை நேரில் காண முடிகிறது.